டீச்சர் முதுகுக்கு நேரே

மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நீளக் கம்பு வைத்த பலகையை ஒருவர் குழிக்குள் இழுக்க இழுக்க, மகள் நிவேதா விழுந்த பள்ளம் மாவு பரப்பிய தாம்பாளம் மாதிரி மட்டமாகிக்கொண்டு வந்தது. பள்ளம் என்ன பள்ளம், பாதிப் பள்ளம். மீதிப் பாதி உடம்போடு பிள்ளை குழிக்கு வெளியே புல்லில் அல்லவா போய் விழுந்தாள், முழங்கை சிராய்த்துக்கொண்டு, நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிக் காட்ட. முப்புடாதி மைதானத்துப் படிக்கட்டில், ஓட்டப்பாதைக்கு இடப்பக்கம், நிழல் பார்த்துப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீளம் தாண்டுதலுக்கு மூன்று தாவல்தான் கொடுப்பார்களாம். முதல் தாவலில் கால் கோட்டைத் தாண்டி ஊன்றிவிட்டது. சரி, அது பதற்றம், முதல் தோசை எந்தக் கல்லில் ஒழுங்காக வந்திருக்கிறது. இரண்டாவது இப்படிக் கோணிக்கொண்டது. இனி ஒன்றே ஒன்று. குழியின் ஓரத்தில் மஞ்சள் கொடி ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள், கைக்குட்டை அளவுதான் இருக்கும், அதைத் தாண்டி விழுந்தால் நிவேதா தமிழ்நாட்டு அணியில். அணி என்றால் சென்னையில் முகாம், அப்புறம் ரயிலேறி வேறு மாநிலம், நெஞ்சில் மாநிலத்துப் பேர் போட்ட பனியன். தாண்டாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெபக்கனி டீச்சர் திருச்சிக்குப் பஸ்ஸில் வரும்போதே சொல்லித்தான் கூட்டி வந்தார். ஆனால் அடுத்த வருசம் வயசு தாண்டிவிடும், பெரிய பிள்ளைகளோடு போட்டிபோட வேண்டும் என்பதை டீச்சர் சொல்லவில்லை, நிவேதாதான் அம்மாவின் காதோடு சொன்னாள். இந்தத் தாவலுக்காகப் பிள்ளை பொங்கலுக்குக்கூட ஊருக்கு வராமல் விடுதியிலேயே கிடந்தாள். பொங்கப்பானையைப் பார்த்து யாருக்கு ஊட்ட என்று நின்றது முப்புடாதிக்கு இப்பவும் மறக்கவில்லை.

ஏன் இடப்பக்கம் போனாள். அதுதான் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் இவள் ஓடியதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறாள், கொத்தனார் நூல் பிடித்த மாதிரி அல்லவா வருவாள். மணல் குழிக்கு அந்தப் பக்கம் டீச்சர் நின்று கையைத் தட்டித் தட்டி வா வா வா என்பார், அந்தச் சத்தம்தான் பாதை, அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பாய்ந்து வந்து கோட்டை மிதித்து எழும்புவாள், பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கூசும், அவளுக்கு ஒன்றும் கூசாது. அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஏன் கோணினாள். காற்றா? காற்று இடப்பக்கத்திலிருந்து அல்லவா வந்தது, தள்ளினால் வலப்பக்கம்தான் தள்ளியிருக்கும். வெளியில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்தானே? அவன் கேட்டுக்கு அந்தாண்டை, அதுவும் பின்னால். புதுச் செருப்பா, முள் வைத்த அந்த ஓட்டச் செருப்பு கடிக்கிறதோ? கடித்தால் சொல்லியிருப்பாள், இவள் சொல்லாமல் இருக்கிற ஆளா, குழம்பில் உப்புக் கூடினால் தெரு முழுக்கச் சொல்லுகிறவள். அப்போ இடப்பக்கத்தில் என்ன இருக்கிறது. படிக்கட்டு இருக்கிறது. படிக்கட்டில் யார் இருக்கிறார்கள். இந்த இடத்துக்கு நினைப்பு வந்ததும் முப்புடாதி அதை அடுப்படிக்கு வந்த பூனையை விரட்டுவது போல விரட்டினாள். நான் வாயே திறக்கலியே. சத்தம் போடக் கூடாது என்று அந்தத் தொப்பி போட்ட நடுவரம்மா ஒலிபெருக்கியில் சொன்னாளே, கண் தெரியாத பிள்ளைகள் தாவும்போது மைதானமே மூச்சுக் காட்டக் கூடாது என்று, நான்தானே முதல் ஆளாக வாயை இறுக்கி மூடினேன். பக்கத்தில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த ஆளைக்கூட முறைத்து நிறுத்தினேனே.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். வலது கையில் காலையில் வாங்கிய பஸ் டிக்கெட் இருந்தது. டிக்கெட்டாக இல்லை. இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை நகத்தால் மடித்து அடைத்து, அச்சாக ஒரு பீடி. வீட்டில் தட்டை மடியில் வைத்துப் பொழுதுக்கும் பீடி சுற்றுகிற விரல்கள், இலை இல்லாவிட்டால் காகிதத்தைச் சுற்றியிருக்கின்றன. எப்போது சுற்றியது? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கை ஒரு வேலையை முடித்து மடியில் போட்டிருக்கிறது, தலைக்குத் தகவலே இல்லை. விரல் சொல்லாமல் செய்யும் என்றால் நாக்கு? முப்புடாதி மெல்ல நாக்கை அசைத்துப் பார்த்தாள். அடிநாக்கு வலித்தது. ரொம்ப நேரம் வேலை செய்த வலி. ஐயோ என்று சொல்லக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

நாக்குத் தட்டு என்பது அந்த வீட்டுப் பேச்சு. நிவேதா தவழுகிற காலத்தில் ஆரம்பித்தது. பிள்ளைக்குக் கண் இல்லை என்று டாக்டர் சொல்லி, அழுது, கோயில் குளம் ஏறி, அந்த அழுகையெல்லாம் ஒரு வழியாகத் தீர்ந்து, ஆகிற வேலையைப் பார்ப்போம் என்று முப்புடாதி தட்டை எடுத்து மடியில் வைத்த நாளில், பிள்ளை தவழ்ந்து எங்கே போகிறது என்று இவள் பார்த்துக்கொள்ளலாம், அம்மா எங்கே இருக்கிறாள் என்று பிள்ளைக்கு யார் சொல்லுவது? எந்நேரமும் பேசிக்கொண்டா இருக்க முடியும், அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டார்களா. அதனால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று விடுவாள், டக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். மாட்டை ஓட்டுகிற சத்தம்தான். அது கேட்டால் பிள்ளை சிரிக்கும், அந்தத் திசைக்குத் திரும்பும், நேராக வந்து பீடித்தட்டில் கையை வைத்துத் தூளைக் கொட்டிவிடும். நடக்க ஆரம்பித்த பிறகு அது கைப்பிடிச் சுவராகிவிட்டது. கிணற்றடியில் டக், கோயில் கொடை நாள் கூட்டத்தில் டக், பஸ் ஸ்டாண்டில் இத்தனை ஹாரனுக்கு நடுவிலும் டக். நிவேதாவுக்கு அது கேட்கும். வேறு யாருக்கும் கேட்காவிட்டாலும் கேட்கும். புருசன்காரர் கேலி பண்ணுவார், ஊரிலே எல்லாப் பிள்ளைக்கும் அம்மா, எம் பிள்ளைக்குப் பல்லி என்பார். கண் இல்லாத பிள்ளையை ஒரு நாள்கூடத் தொலைக்காமல் வளர்த்துவிட்டேன் என்று முப்புடாதிக்கு அதில் ஒரு பெருமை உண்டு, வெளியே சொல்லாத பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது பிள்ளையைப் பிடித்து இழுத்துப் புல்லில் தள்ளியிருக்கிறது.

இழுத்ததா? ஒரு வேளை இல்லையோ? மறுபடி காற்று, மறுபடி ஐஸ் வண்டி, மறுபடி செருப்பு. சுற்றிச் சுற்றி அடிநாக்கு வலியில் வந்து முட்டியது நினைப்பு, செக்கு மாடு மாதிரி. டீச்சருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார். அந்த டீச்சரிடம் முதன்முதலில் சண்டைக்குத்தான் போனாள் முப்புடாதி. பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிது, விளையாடும்போது விழுந்து பிள்ளைக்கு முன்பல் போய்விட்டது என்று யாரோ போனில் சொல்ல, இலை வெட்டுகிற கத்தரி இடுப்பில் இருப்பதுகூடத் தெரியாமல் பஸ் ஏறிவிட்டாள். கண்ணு தெரியாத பிள்ளையைப் போய் ஓட விடலாமா, பாவம் இல்லையா என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். ஜெபக்கனி டீச்சர் கத்தரியையும் பார்த்தார், இவளையும் பார்த்தார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பாவம்னு சொல்லுத வாயில கொஞ்சம் மண்ணப் போட்டுட்டு, இந்த டீயக் குடிங்க என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் முப்புடாதி டீயைக் குடித்தாள். அதற்குள் நிவேதா சத்தம் கேட்டு ஓடி வந்தாள், ஓடி, யார் கையையும் பிடிக்காமல், வாய் நிறைய ரத்தக்கறையோடு. பால்பல்லுதானம்மா, ஆடிக்கிட்டுக் கிடந்துச்சு, இப்ப நாக்க விட்டா உள்ள போவுது பாரு என்று காட்டினாள். அதற்கு மேல் என்ன சண்டை போட.

அன்றைக்கு மைதானத்தில் பார்த்ததை முப்புடாதி யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை, சொன்னால் நம்பவும் மாட்டார்கள். டீச்சர் தன் கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டார். வயசு அப்பவே நாற்பதுக்கு மேல், உடம்பும் கொஞ்சம் கனத்த உடம்பு. பிள்ளைகளை எல்லாம் வரிசையாக எதிரே நிறுத்தி, எனக்குக் கை தட்டுங்க, நான் ஓடி வாரேன் என்றார். வந்தார். பாதி தூரம் நேராக வந்தார், அப்புறம் எந்தப் பிள்ளையோ முந்திக்கொண்டு ஓரத்தில் தட்ட, வேப்பமரத்தில் போய்ச் சாத்திக்கொண்டார். பிள்ளைகளுக்கு மரம் தெரியவில்லை, மடார் என்ற சத்தம் தெரிந்தது, விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் நெற்றியைத் தடவிக்கொண்டே, இப்ப சொல்லுங்க, ஒரு ஆளுக்கு எத்தன பேரு தட்டணும் என்று கேட்டார். ஒரு ஆளுதான் தட்டணும் டீச்சர் என்று எல்லாம் கத்தின. பாடம் முடிந்தது. பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு அது எந்தக் காலத்துக்கு ஏறும். தன் நெற்றியை வைத்து அல்லவா நடத்தினார். அந்தப் புடைப்போடேயே மத்தியானம் முழுக்கப் பிள்ளைகளை மணல் குழியில் உட்கார வைத்து, இது எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், இதுக்குள்ள விழுந்தா வலிக்குமா என்று உருள விட்டார். நிலக்கடலையைப் புதைத்துவைத்து எடுக்கச் சொன்னார். நிவேதா சட்டைப்பை நிறைய மணலும் கடலையுமாக வந்து, எம்மா, அந்தக் குழி எனக்குத் தெரியும், நம்ம வீடு மாரி தெரியும் என்றாள். அந்த வார்த்தையில் முப்புடாதிக்குக் கொஞ்சம் எரிந்தது என்பதும் உண்மைதான். லீவுக்கு வந்தால் முதுக நிமித்து, மூச்ச விடாத என்று அம்மாவுக்கே டீச்சர் மாதிரி சொல்லிக் கொடுப்பாள். ஏட்டி, நான் பெத்தேனா உங்க டீச்சர் பெத்தாவளா என்று ஒரு நாள் கேட்டும்விட்டாள். நீதான் பெத்த, ஓட விட்டது டீச்சர் என்று தோசையை மென்றுகொண்டே சொல்லிவிட்டாள் பிள்ளை. கணக்குத் தீர்த்துவிட்ட மாதிரி.

போன வருசத்திலிருந்து இன்னொரு கூத்து. டீச்சர் தான் கை தட்டுவதைக் குறைத்துவிட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார், சமையல்கார அக்காவைக் கரண்டியை வைத்துவிட்டு வரச் சொன்னார், ஆய்வுக்கு வந்த அதிகாரியைக்கூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் இதைப் பார்த்தபோது, இவுகளுக்கு அலுத்துப் போச்சு போல, வேலையை அடுத்தவர் தலையில் தள்ளுகிறார் என்றுதான் முப்புடாதி நினைத்தாள். கேட்டும்விட்டாள், அவளுக்கு வயிற்றில் எதுவும் தங்காது. மாநில அணிக்குப் போனா நான் கூடப் போக முடியாது முப்புடாதி, அங்க வேற ஆளுதான் தட்டுவாவ என்றார் டீச்சர். என் சத்தத்துக்கு மட்டும் ஓடுனா அது பழக்கம், எந்தச் சத்தத்துக்கும் ஓடுனாத்தான் அது ஓட்டம் என்றார். அப்போது தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். இப்போது இந்தப் படிக்கட்டில்தான் அது அவளுக்கு முழுசாக இறங்குகிறது. தான் இல்லாமல் பிள்ளை ஓட வேண்டும் என்று ஒருத்தி வருசம் பூரா தன்னைத் தானே தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறாள். பெற்றவள் நான், எங்கே போனாலும் அம்மா இருக்கேன் இருக்கேன் என்று டக் டக் என்று தட்டிக்கொண்டு திரிகிறேன்.

டீச்சர் வந்துகொண்டிருந்தார். மைதானத்தைக் குறுக்கே கடந்து, கழுத்தில் விசில் ஆட, நேராக இவளைப் பார்த்து. முப்புடாதி டிக்கெட் பீடியை முந்தானைக்குள் ஒளித்தாள், அதை எதற்கு ஒளிக்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. டீச்சர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டிக் கூப்பிட்டார். இறங்கிப் போனாள்.

"ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது. நாக்கத் தட்டுனியளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "தெரியலையே டீச்சர். தட்டிருப்பேன்."

"எனக்கும் கேட்டுது. நடுவருக்குக் கேக்கல. அவளுக்குக் கேட்டுட்டு."

"நான் வெளிய போயிருதேன் டீச்சர். கேட்டுக்கு வெளிய, ரோட்டுக்கே போயிருதேன். சத்தியமா."

"போனா? அம்மா சத்தம் இங்கதான இருந்துச்சு, இப்பக் காணமேன்னு அந்தக் காது தேடிக்கிட்டே ஓடும். தேடுத காது நேரா ஓடுமா? மாத்துததுக்கு இன்னைக்கு நேரமில்ல. நீங்க எங்கயாச்சும் இருந்துதான் ஆகணும். இருக்கத நேரா இருங்க."

"நேரான்னா?"

"என் முதுகுக்கு நேரே."

அவ்வளவுதான். திட்டவில்லை, பெருமூச்சு விடவில்லை, பார்த்தியளா உங்களால என்று ஒரு வார்த்தை இல்லை. தையல்காரர் துணி கோணினால் துணியைத் திட்டுவாரா, திருப்பி வைத்துத் தைப்பார், அந்த மாதிரி முப்புடாதியைப் பிடித்துத் திருப்பி வைத்துவிட்டார். குழிக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றோரம் கூட்டிப்போய் நிறுத்தி, தொப்பி போட்ட நடுவரம்மாவிடம் போய்ப் பேசினார். நடுவரம்மா இவளை மேலும் கீழும் பார்த்து, நிக்கட்டும், ஒரு சத்தம் வந்தாலும் தாவல் செல்லாது என்று இவள் காதில் விழும்படியே சொன்னாள். வராது என்றார் டீச்சர். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். யாரை நம்பிச் சொன்னார்? இந்த நாக்கையா? எனக்கே அடங்காத நாக்குக்கு இவர் எப்படி ஜாமீன் போடுகிறார்? ஆனால் அப்படித்தான், யோசித்துப் பார்த்தால் நிவேதாவுக்கும் அப்படித்தான் போட்டார், நேராக ஓடத் தெரியாத பிள்ளையைப் பார்த்து இவ ஓடுவா என்று முதலில் சொன்னார், அப்புறம்தான் பிள்ளை ஓடினாள். முப்புடாதி முந்தானை நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். கஞ்சி போட்ட புதுச்சேலை, நாக்கு அசைய இடமில்லை. இனி தட்டு பார்ப்போம்.

டீச்சர் ஓட்டப்பாதையின் அந்தக் கோடிக்கு நடந்து போனார். அங்கே நிவேதா தனியாக நின்றாள், இங்கிருந்து பார்க்கச் சீவின தீக்குச்சி மாதிரி. கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தது. கண்ணு தெரியாத பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் பட்டை என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள், ஒண்ணு ரெண்டு பிள்ளைக்கு வெளிச்சம் லேசாத் தெரியும், எல்லாருக்கும் ஒரே இருட்டு வேணும்லா என்றார். டீச்சர் பிள்ளையின் தோளைப் பின்னாலிருந்து பிடித்து, ஜன்னலுக்குக் கதவு பொருத்துகிற ஆசாரி மாதிரி இம்மி இம்மியாகத் திருப்பி வைத்தார். முதுகுத்தண்டில் உள்ளங்கையை ஒரு தரம் மேலிருந்து கீழே ஓட்டினார். காதில் ஏதோ சொன்னார். பிள்ளை சிரித்தாள், அத்தனை தூரத்திலும் பல் தெரிந்தது. உங்க அம்மா எனக்குப் பின்னாலதான் நிக்கா, தேடாத என்று சொல்லியிருப்பார். அதுதான் இருக்கும். இல்லை, சேலையத் தின்னுக்கிட்டு நிக்கா என்று சொன்னாரோ? பிறகு டீச்சர் திரும்பி இந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அந்த நடை முடிவதாக இல்லை. அவசரமே படவில்லை அந்த மனுசி. முப்புடாதிக்குள் அத்தனையும் ஓடியது. தாண்டாவிட்டால், பிள்ளை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வருவாள், அழ மாட்டாள், அதுதான் இன்னும் பாரம். அந்தப் பாரத்துக்கு யார் காரணம் என்று பிள்ளைக்குத் தெரியும், தெரிந்தும் சொல்ல மாட்டாள். தாண்டிவிட்டால்? அப்போதுதான் முப்புடாதிக்கு வேறு ஒரு பயம் வந்தது, இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ. தாண்டிவிட்டால் சென்னை. அங்கே ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க முடியாது. தலை பின்னிவிட யார் இருப்பார்கள், வகிடு கோணினால் யார் சொல்லுவார்கள். தெரியாத ஊரில், தெரியாத ஆள் கை தட்ட, பிள்ளை ஓடுவாள், எனக்கு அது கேட்காது. அப்படியென்றால் நாக்கு தெரிந்தேதான் தட்டியதோ? இங்கேயே இரு, இந்தப் பக்கம் வா என்று, எனக்குத் தெரியாமல், வேண்டுமென்றே? சே, என்ன நினைப்பு இது. ஆனாலும் முழுசாகத் தள்ளவும் முடியவில்லை. டீச்சருக்கு மட்டும் இந்தப் பயம் இருக்காதா? ஆறு வயசிலிருந்து கையில் தூக்கி வைத்து ஓட்டின பிள்ளை, மஞ்சள் கொடியைத் தாண்டினால் டீச்சருக்கும் இல்லை. தெரிந்துதான் இத்தனை நிதானமாக நடந்து வருகிறார். தெரிந்துதான் இப்போது கை தட்டப் போகிறார்.

டீச்சர் வந்து குழியின் தலைமாட்டில் நின்றார், பிள்ளையைப் பார்த்து முகம், முப்புடாதியைப் பார்த்து முதுகு. நடுவரம்மா கையை உயர்த்தினாள். மைதானம் அடங்கியது. அந்த அடங்கலை முப்புடாதி கோயிலில்கூடக் கண்டதில்லை, சாமிக்குத் தீபம் காட்டும்போதே கூட்டத்தில் எவனாவது செல்போனில் பேசிக்கொண்டிருப்பான். இங்கே குண்டு எறிகிறவர்கள் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்கள், எல்லாம் என் பிள்ளை ஒருத்தி கேட்க வேண்டும் என்பதற்காக. டீச்சர் தட்டினார். ஒன்று. ஒன்று. அப்புறம் சேர்ந்தாற்போல. பின்னாலிருந்து பார்த்தால் முழங்கைகள் இரண்டும் விரிந்து விரிந்து ஒடுங்கின, கோழி இறக்கை அடிப்பது போல. பனியனில் வியர்வை பெரிய இலையாகப் படர்ந்திருந்தது. பின்கொண்டையில் நரை. வா வா வா என்ற சத்தம். அப்போதுதான் முப்புடாதிக்குத் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. டீச்சரின் அகலமான முதுகு முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. இத்தனை தூரம் வந்து, இந்த ஒரு தாவலைப் பார்க்கவில்லையென்றால் எப்படி, கொஞ்சம் தலையைச் சாய்த்தால் போதும், ஒரு எட்டு இடப்பக்கம் வைத்தால் போதும். காலைத் தூக்கினாள். தூக்கின காலைக் கீழே வைத்தாள், தூக்கின இடத்திலேயே. தெரியாமல் இருக்கிற வரைக்கும் நேராக வருகிறாள். அது சட்டென்று மண்டைக்குள் விழுந்தது. கோணினால்தான் அந்த முதுகுக்கு ஓரத்தில் தெரிவாள். தெரியக் கூடாது. கண்ணே, எனக்குத் தெரிஞ்சிராத, கடைசி வரைக்கும் தெரிஞ்சிராத என்று வேண்டிக்கொண்டாள், பிள்ளை பிறந்ததிலிருந்து வேண்டின எதற்கும் நேர்மாறாக. காதில் காலடி விழுந்தது. முதலில் கேட்டதா என்று சந்தேகமாக, அப்புறம் சந்தேகமில்லாமல், முள் செருப்பு பாதையைப் பிராண்டி இழுக்கிற சத்தம், சரக் சரக் என்று கிட்டே வந்தது, கைத்தட்டலும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்று விழ ஆரம்பித்தன, எது டீச்சர் எது பிள்ளை என்று பிரிக்க முடியவில்லை. முதுகின் இடப்பக்க ஓரத்தில் வெறும் வெளி. வலப்பக்க ஓரத்தில் வெறும் வெளி. தட்டுவது நின்றது. காலடியும் நின்றது. ஒன்றுமே இல்லாத ஒரு இடம் வந்தது, அதில் முப்புடாதிக்கு இருந்தது வாயில் சேலை மட்டும்தான். பிறகு மணலில் தொப்பென்று ஒரு சத்தம்.

டீச்சர் விலகினார். குழிக்கு நடுவில், அச்சு நடுவில், நிவேதா குந்தியிருந்தாள், மூக்கிலும் முடியிலும் மணல். நடுவர் தூக்கியது வெள்ளைக் கொடி. முப்புடாதியின் கண் மஞ்சள் கொடிக்குப் போனது, அங்கிருந்து மணலில் பதிந்த குதிகாலுக்குப் போனது, நம்பாமல் மறுபடி கொடிக்கு வந்தது. குதிகால் இந்தப் பக்கம் இருந்தது. கொடியைத் தாண்டி ஒரு சாண் நல்லா இருக்கும். டீச்சரும் அதைத்தான் பார்த்தார். சிவந்த உள்ளங்கைகளைப் பனியனில் துடைத்துக்கொண்டு, இவள் பக்கம் திரும்பி, கூப்பிடுங்க என்று கண்ணால் காட்டினார், இனி சத்தம் போட்டால் தப்பில்லை. எப்போதும் முதலில் கூப்பிடுவது அவர்தான். முப்புடாதி வாயிலிருந்து சேலையை உருவினாள்.

"நிவே, ஏட்டி..."

மணலுக்கு நடுவில் எழுந்து நின்ற பிள்ளை சத்தம் வந்த பக்கம் கையை மட்டும் உயர்த்தினாள், போக்குவரத்துப் போலீஸ் நிறுத்துவது போல. முகத்தை அளவு எடுக்கிறவர்கள் பக்கம் வைத்திருந்தாள்.

"இரும்மா. அளவு சொல்லட்டும்."

அவர்கள் டேப்பை இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்புடாதி வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் டீச்சர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. இரண்டு பேரும் கண்ணால் பார்த்துவிட்ட சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பிள்ளை அதைத் தன் காதால் கேட்கட்டும் என்று நின்றார்கள்.